‘ஐயோ’வுக்கு இங்கிலீஷ்ல என்னாங்க?

கோர்ட்டுல மொழிபெயர்ப்பாளர் வேலைங்கறது, அடுத்தவன் சொல்ற பொய்யை ஒரு எழுத்துப் பிசகாம, சத்தியம் பண்ணிட்டு நாம சொல்ற வேலை.

சிரிக்காதீங்க, நீங்களும் சம்பளம் இல்லாம இதே வேலையைப் பார்த்தவங்கதான். ஆஸ்பத்திரியில அம்மா “நெஞ்சுக்குள்ள கபகபங்குது”ன்னு சொன்னதை டாக்டருக்கு இங்கிலீஷ்ல எப்படிச் சொல்றதுன்னு தெரியாம முழிச்சிருக்கீங்க. ஸ்கூல்ல டீச்சர் உங்களைப் பத்திச் சொன்னதை அப்பாவுக்குத் தமிழ்ல சொல்றப்ப பாதியை முழுங்கியிருக்கீங்க. எனக்கு முழுங்க உரிமை இல்ல. அவ்வளவுதான் வித்தியாசம்.

எழுபதுகள்ல ஆரம்பிச்சு எண்பதுகள் வரைக்கும் மலேசியாவுல, பேராக்குல ஒரு மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டுல நின்னுக்கிட்டே காலம் தள்ளினேன். எந்த ஊருன்னு கேக்காதீங்க, ஈப்போ பக்கம் சிலிபின்ல இருந்து சைக்கிள்ல போவேன், அது போதும். சாட்சி தமிழ்ல சொல்லுவாங்க, நான் இங்கிலீஷ்ல சொல்லுவேன், மாஜிஸ்ட்ரேட் அதைக் கைப்பட எழுதிக்குவாரு. கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது, நம்ம அபிப்பிராயத்தை வீட்டுல வச்சுட்டு வரணும். சாட்சி ‘நான்’னு சொன்னா நானும் ‘நான்’னுதான் சொல்லணும். அந்தக் கணக்குல நான் ஆடு திருடியிருக்கேன், சம்சு சாராயம் காய்ச்சியிருக்கேன், பக்கத்து வீட்டுக்காரன் மண்டையை உடைச்சிருக்கேன். என் வீட்டுக்காரிக்கு இதெல்லாம் தெரியும், கண்டுக்க மாட்டா.

இத்தனையிலயும் என்னைப் பாடாப் படுத்தினது சட்ட வார்த்தை இல்லங்க. ‘ஐயோ’. மாணிக்கம்னு ஒரு டிராக்டர்காரன் ஜெயிலுக்குப் போறதா, வீட்டுக்குப் போறதாங்கறதே ஒரு சமயம் அந்த ஒரு வார்த்தையில தொங்கிக்கிட்டு இருந்துச்சு. அவன் கதைக்கு வாரேன். ஆனா அதுக்கு முந்தி, இந்த ‘ஐயோ’ என் கழுத்தை எப்படிப் பிடிச்சுச்சுன்னு சொல்லிடறேன், அப்பத்தான் அது விளங்கும்.

செத்தது யாரு?

நான் வேலைக்குச் சேர்ந்த புதுசு. ஒரு அம்மாவோட பெட்டைக் கோழி மேல பக்கத்து வீட்டுக்காரன் மோட்டார் சைக்கிளை ஏத்திட்டான். அதுல வாய்ச்சண்டை வந்து, கைச்சண்டையாகி, கோர்ட்டு வரைக்கும் வந்துருச்சு. அந்தம்மா கூண்டுல ஏறினதும் சேலைத் தலைப்பால வாயைப் பொத்திக்கிட்டு, “ஐயோ, என் கோழி!”ன்னாங்க. அவ்வளவுதான். எல்லாரும் என்னைப் பார்க்கறாங்க. மாஜிஸ்ட்ரேட் பேனாவைத் திறந்துட்டு என்னைப் பார்க்கறாரு.

‘ஐயோ’வுக்கு இங்கிலீஷ்ல என்ன? எனக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ் எல்லாம் ஸ்கூல்ல படிச்ச பழைய நாடகமும் பாட்டும்தான். அதுல ராணி மயக்கம் போட்டு விழுவா, விழறதுக்கு முந்தி “அலாஸ்!”ம்பா. ராஜா தன் தம்பியையே குத்திட்டு “அலாஸ்!”ம்பான். கப்பல் முழுகினாலும் அலாஸ், காதலி கடிதம் போடலைன்னாலும் அலாஸ். புத்தகத்துக்கு வெளியில உசுரோட ஒருத்தன் அதைச் சொல்லி நான் கேட்டதில்ல. ஒரு தடவை வெள்ளைக்காரத் துரை ஒருத்தர் கால்ல முள்ளு முள்ளா இருக்கற டுரியான் பழம் விழுந்ததைக் கண்ணால பார்த்தேன், அவரு சொன்னது வேற வார்த்தை. ஆனா அன்னிக்கு என் வாயில வந்தது அதுதான். “அலாஸ், மை ஹென்!”னு கணீர்னு சொன்னேன்.

மாஜிஸ்ட்ரேட் மிஸ்டர் லிம், ஈப்போ சீனரு. லண்டன்ல படிச்சவரு, அந்த நாடகமெல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். எழுதின பேனாவை நிறுத்திட்டு, மூஞ்சியில ஒரு சிரிப்பும் இல்லாம இங்கிலீஷ்ல கேட்டாரு: “மிஸ்டர் இன்டர்பிரட்டர், செத்தது கோழியா, இளவரசியா?”

செட்டியாரின் மூணு ஐயோ

மிஸ்டர் லிம் கேலி பண்ணினாரே தவிர, எழுதினதை அடிக்கலை. அதுல எனக்கு அலாஸ் மேல ஒரு நம்பிக்கை வந்துருச்சு. எழவு, விபத்து, அடிதடி எதுவானாலும் சாட்சி ‘ஐயோ’ன்னா நான் ‘அலாஸ்’ன்னுடுவேன். நல்லாத்தான் போய்க்கிட்டிருந்துச்சு, சாமான் கடை முத்தையா செட்டியாரு வர்ற வரைக்கும்.

செட்டியாரு புதுக் காரை ஓரமா நிறுத்திட்டு, எதிர்ல நின்னு அதோட அழகைப் பார்த்துக்கிட்டு இருந்திருக்காரு. லாரி ஒண்ணு வந்து மோதிருச்சு. லாரிக்காரனோட வக்கீலு, மோதறதுக்கு முந்தி இவரு எப்பெப்ப லாரியைப் பார்த்தாருன்னு குடைஞ்சாரு. செட்டியாரு நிதானமாச் சொன்னாரு: “தூரத்துல வரயில ‘ஐயோ’ண்டேன். கிட்டக்க வந்தும் பிரேக்குப் பிடிக்கலை, ‘ஐயையோ’ண்டேன். என் வண்டி மேல ஏறயில ‘ஐயையையோ’ண்டேன்.” நான் மூணுக்கும் அலாஸ் போட்டேன். வக்கீல் விடலை. சாட்சி மூணு விதமாச் சொல்றாரு, காதால கேட்டேன், மொழிபெயர்ப்புல ஏன் ஒரே விதமா வருதுன்னு கேட்டாரு. மிஸ்டர் லிம்மும் ஆமான்னாரு.

விடுவேனா? பழைய புத்தகத்துல வருத்தப்படறதுக்குப் படிக்கட்டு மாதிரி அடுக்கடுக்கா வச்சிருக்கான் வெள்ளைக்காரன். முதல் ஐயோவுக்கு “அலாஸ்.” ரெண்டாவதுக்கு “அலாஸ் அண்ட் அலாக்.” மூணாவதுக்கு மூச்சை நல்லா இழுத்துக்கிட்டு, “அலாஸ், அலாக் அண்ட் வெல்-எ-டே!” மிஸ்டர் லிம் மூணையும் ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா, செய்யுள் எழுதற மாதிரி எழுதிக்கிட்டாரு. வழக்கு செட்டியாரு பக்கம்தான் தீர்ந்துச்சு. வெளியில வந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டாரு, ஆனா முகத்துல ஒரு சங்கடம். “தம்பி, காரு போனது போகட்டும். என் ‘ஐயோ’வை நீங்க ரொம்பச் செலவு பண்ணிட்டீகளே.”

ஐயா

எனக்குத்தான் இந்தத் தலைவலி. சீன மொழிபெயர்ப்பாளர் மிஸ்டர் வோங்குக்கு ஒண்ணும் கிடையாது. கான்டனீஸ்காரங்க வருத்தப்பட்டா “ஐயா!”ம்பாங்க. வோங் அதை மொழிபெயர்க்கவே மாட்டாரு, இருமின மாதிரி விட்டுருவாரு. ஒரு நாள் பசார்ல காய்கறி விக்கிற சீன அம்மா ஒண்ணு சாட்சிக்கு வந்துச்சு. கேள்விக்குக் கேள்வி அதுக்கு வருத்தம். தராசு உடைஞ்சதைச் சொன்னா “ஐயா!”, தக்காளி நசுங்கினதைச் சொன்னா “ஐயா!”

எங்க கோர்ட்டுப் பியூன் முருகேசு கதவோரமா நிப்பாரு. முதல் ஐயாவுக்கு, “என்னாம்மா?”ன்னு ரெண்டு எட்டு முன்னால வந்தாரு. நான் கண்ணைக் காட்டினேன், பின்னால போயிட்டாரு. அடுத்த ஐயாவுக்கு மறுபடியும் வந்துட்டாரு. மூணாவது தடவை சட்டைப் பொத்தானை எல்லாம் சரி பண்ணிக்கிட்டு வந்து கூண்டுக்கு முன்னாலயே நின்னுட்டாரு. மிஸ்டர் லிம் கண்ணாடிக்கு மேல பார்த்தாரு. நான் முருகேசு முழங்கையைப் பிடிச்சு இழுத்து, அது உங்களைக் கூப்பிடலைங்கன்னு காதோட சொன்னேன். மனுசனுக்கு முகம் விழுந்துருச்சு.

“வேலைக்கு வந்த நாளையிலேருந்து இந்தக் கட்டடத்துல ஒருத்தன் என்னை ஐயான்னு கூப்பிட்டதில்லண்ணே. இன்னிக்கு ஒரு அம்மா வாய் நிறையக் கூப்பிடுது, அதுவும் உங்களுக்குப் பொறுக்கலையா?”

அந்தோ!

என் வாழ்நாள்ல அலாஸ்ங்கற வார்த்தை அச்சு அசலாப் பொருந்தினது ஒரே ஒரு ஆளுக்கு. ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளித் தலைமை ஆசிரியர் ஒருத்தர். பள்ளிக்கூடத்து வெண்கல மணி திருடு போயி, எடுத்தவன் பழைய சாமான் கடையில அதோட நின்னுக்கிட்டிருந்தப்ப பிடிபட்டுட்டான். ஆசிரியர் கூண்டுல ஏறி, துண்டைச் சரி பண்ணி, மேல பார்த்து ஆரம்பிச்சாரு: “அந்தோ! பரிதாபம்! கதிரவன் எழுமுன் பள்ளியை அடைந்த யான், மணி இல்லாமையை என் இரு விழிகளால் கண்ணுற்றேன்!”

எனக்கு ஆனந்தம் தாங்கலை. ‘அந்தோ’வுக்கு அலாஸ் மாதிரி ஒரு ஜோடி இந்த உலகத்துலயே கிடையாது. ரெண்டையும் நேர்ல யாரும் சொல்ல மாட்டாங்க, ரெண்டும் புத்தகத்துலயே பிறந்து புத்தகத்துலயே வாழறது. அவரு அந்தோங்கறாரு, நான் அலாஸ்ங்கறேன், அவரு ஐயகோங்கறாரு, நான் வோ இஸ் மீங்கறேன். மிஸ்டர் லிம்மு அன்னிக்குத்தான் மேசையில சாஞ்சு உக்காந்து ரசிச்சுக் கேட்டாரு. மணி போன துக்கம் எனக்கே மறந்துபோச்சு. கடைசியில, சாட்சிகிட்ட ஏதாவது கேக்கணுமான்னு மணியைத் திருடினவனைக் கேட்டாங்க. அவன் ஒரு கை தூக்கினான்.

“கேள்வி ஒண்ணும் இல்லலா தொரே. இவரு இவ்வளவு நேரம் என்ன சொன்னாருன்னு எனக்கும் கொஞ்சம் தமிழ்ல சொல்லச் சொல்லுங்க.”

ரொக்கியா சொன்னது

எண்பதுகள்ல கோர்ட்டுக்குள்ள மலாய் வந்துருச்சு. கொஞ்சம் கொஞ்சமா எல்லாத்தையும் மலாய்ல சொல்லப் பழகுங்கன்னுட்டாங்க. மத்ததெல்லாம் சமாளிச்சிருவேன், பிறந்ததுலேருந்து கேட்ட மொழிதானே. இந்த ‘ஐயோ’தான் மறுபடியும் வழியை மறிச்சுக்கிட்டு நின்னுச்சு. நான் விவரமானவனாச்சே, நூலகத்துல போயி ராஜா காலத்து மலாய்க் கதைப் புத்தகத்தை எடுத்துப் படிச்சு, “அடுஹாய்”னு ஒரு வார்த்தையைப் பிடிச்சுக்கிட்டு வந்தேன். மாமியார் கையைக் கடிச்சுட்டாங்கன்னு கேஸ் குடுத்த மருமகளோட ஐயோவுக்கு அதைப் போட்டேன்.

கோர்ட்டு குமாஸ்தா, மலாய்ப் பொண்ணு ரொக்கியாவால சிரிப்பை அடக்க முடியலை, கேஸ் ஃபைலை மூஞ்சிக்கு நேராத் தூக்கிக்கிச்சு. டீ குடிக்கிற நேரத்துல வந்து, மலாய்ல ‘ஐயா’ங்கற மரியாதையோட சொன்னிச்சு, “என்சிக், அது இளவரசி கோட்டை மாடத்துல நின்னுக்கிட்டுச் சொல்றதுலா.” அப்ப நீங்க வீட்டுல விரலு நசுங்கினா என்னாதான் சொல்லுவீங்கன்னேன். கொஞ்சமும் யோசிக்கலை, “ஐயோன்னுதான்”னிச்சு. அது எங்க வார்த்தையாச்சேன்னு சொன்னேன். ரொக்கியா டீக் கோப்பையைக் கீழ வச்சுட்டு என்னை ஏற இறங்கப் பார்த்திச்சு.

“உங்களுதா? நான் இவ்வளவு நாளா அதை எங்களுதுன்னுல்ல நினைச்சுக்கிட்டிருக்கேன்!”

மாணிக்கம்

இப்ப மாணிக்கம் கதை. இது ரொக்கியாவுக்குக் கொஞ்சம் முந்தி நடந்தது, இங்கிலீஷ்தான் அப்ப. கடைசியில சொல்றதுக்குக் காரணம், இதைச் சொன்னதுக்கு அப்புறம் எனக்கு வேற கதை சொல்ல வராது.

மாணிக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துல டிராக்டர் ஓட்டறவன். அவன் மச்சான் கோபாலு, அதாவது பொண்டாட்டியோட அண்ணன், அதே வீட்டுலதான் இருந்தான். கோபாலுக்குக் கடுமையான காய்ச்சல். மருந்து குடுக்கற டிரஸ்ஸர் இருக்கறது தோட்டத்தோட அடுத்த கோடியில. மாணிக்கம் அவனை டிராக்டர் மட்காட்டுல உக்கார வச்சுக்கிட்டுப் போனான். பாதி வழியில நல்ல மழை. செம்மண் சடக்கு, ரோட்டைத்தான் சொல்றேன், ஓரத்துல கால்வா. கால்வாக் கரை சரிஞ்சு டிராக்டரு சாஞ்சிருச்சு. கோபாலு கீழ விழுந்தான், டிராக்டரு அவன் மேல. அங்கயே உசுரு போயிருச்சு.

கண்ணுமண்ணு தெரியாம ஓட்டி ஆளைச் சாகடிச்சான்னு மாணிக்கம் மேல வழக்கு. அவனுக்கு வக்கீலும் இல்ல. ஜெயிலுக்குப் போனா வேலை போயிரும், வேலை போனா தோட்டத்து வீட்டைக் காலி பண்ணணும். பொண்டாட்டி, புள்ளைங்க, கூடவே மாமியார் அஞ்சலை எல்லாரும் நடுச்சடக்குல நிக்கணும். அஞ்சலைதான் செத்துப்போன கோபாலைப் பெத்தவங்க. மகன் மண்ணுக்குள்ள, மருமகன் கூண்டுக்குள்ள. அந்தம்மா யாருக்குன்னு அழுவாங்க, சொல்லுங்க.

முதல் சாட்சி தண்டல் சாமிக்கண்ணு. தோட்டத்துல வேலையாளுங்களை மேய்க்கறவருக்குத் தண்டல்னு பேரு. சத்தம் கேட்டு முதல்ல ஓடிப் போனவரு அவருதான். வழக்கு நடத்தின போலீஸ் இன்ஸ்பெக்டர், நீ போனப்ப மாணிக்கம் என்ன பண்ணிக்கிட்டிருந்தான்னு கேட்டாரு. தண்டல் சொன்னாரு: “கோபாலு தலையை மடியில தூக்கி வச்சுக்கிட்டு அழுதான் தொரே. ‘ஐயோ மச்சான், கொன்னுட்டேனே! பாவி நான் கொன்னுட்டேனே!’ன்னு அழுதான்.”

இதை இங்கிலீஷ்ல சொன்னா என்னாகும்னு எனக்குத் தெரியும். ஆனா சொல்லித்தானே ஆகணும்? “அலாஸ், பிரதர்-இன்-லா, ஐ ஹேவ் கில்ட் யூ! சின்னர் தட் ஐ ஆம், ஐ ஹேவ் கில்ட் யூ!” சொல்லச் சொல்ல எனக்கே அது கொலைகாரன் பேசற மாதிரி கேக்குது. இன்ஸ்பெக்டரும் என்னை மாதிரியே பழைய நாடகம் படிச்ச ஆளு, பிடிச்சுக்கிட்டாரு. “அலாஸ்ங்கறது செஞ்சதுக்கு வருத்தப்படற வார்த்தை. நாம படிச்ச நாடகத்துலயெல்லாம் யாரு அதைச் சொல்றாங்க? குத்தினவன்தான், குத்தி முடிச்சுட்டு, கத்தியைப் பார்த்துச் சொல்றான். ஒண்ணும் செய்யாதவன் எதுக்கு வருத்தப்படணும்?”னாரு.

மிஸ்டர் லிம் என் பக்கம் திரும்பி, அந்தச் சொல்லுக்கு வேற இங்கிலீஷ் இருக்கான்னு கேட்டாரு. எனக்குத் தெரிஞ்ச அத்தனையையும் மனசுல உருட்டிப் பார்த்தேன். ‘வோ இஸ் மீ’ன்னா இன்னும் மோசம், தூக்கு மேடையில நின்னு சொல்ற மாதிரி இருக்கும். ‘ஓ டியர்’னா டீ கொட்டினதுக்குச் சொல்றது. எங்க ஜனங்க எழவு வீட்டுல இப்படித்தாங்க அழுவாங்க, பாசம் வச்சவன் அத்தனை பேரும் நான்தான் கொன்னேம்பான், நெசமாக் கொன்னவன்தான் வாயைத் திறக்க மாட்டான்னு கத்தணும் போல இருந்துச்சு. அபிப்பிராயம் சொல்ல எனக்கு ஏது உரிமை? பல்லைக் கடிச்சுக்கிட்டு, வேற வார்த்தை இல்லீங்கன்னேன். கூண்டை விட்டு இறங்கின தண்டல் நேரா என்கிட்ட வந்து மெல்லமாக் கேட்டாரு: “நான் அவன் அழுததைத்தானே சொன்னேன், எதுக்குங்க எல்லாரும் அவனை அப்படிப் பாக்கறாங்க?”

யாருதான் கொன்னது?

அடுத்த சாட்சி அஞ்சலை. ஆஸ்பத்திரியில பார்த்த உடம்பு உங்க மகனோடதுதானான்னு ஒரே ஒரு கேள்வி, ஆமான்னு ஒரே ஒரு பதில், அதுக்குத்தான் அவங்களைக் கூப்பிட்டது. இன்ஸ்பெக்டர் கேட்டாரு, நான் தமிழ்ல சொன்னேன். அந்தம்மா ஆமான்னு சொல்லலை. ரெண்டு கையாலயும் மாரைப் பிடிச்சுக்கிட்டாங்க.

“ஐயோ, பெத்த புள்ளையை நானே கொன்னுட்டேனே தொரே! ‘வெறும் வயித்துல மருந்து தின்னாத, கஞ்சி குடிச்சிட்டுப் போடா’ன்னு நிறுத்தி வச்சேனே! அப்பவே விட்டிருந்தா மழைக்கு முந்திப் போய்ச் சேர்ந்திருப்பானே! பாவி நான் கொன்னுட்டேனே!”

கூட்டலை, குறைக்கலை. அலாஸ்லயிருந்து ஆரம்பிச்சு, பெத்த பிள்ளையை நானே கொன்னேன்னு இங்கிலீஷ்ல முழுசாச் சொன்னேன். மிஸ்டர் லிம் பாதி வரைக்கும் எழுதிட்டுப் பேனாவைத் தூக்கினாரு. இன்ஸ்பெக்டர் எழுந்து, இந்தம்மா மேல குற்றச்சாட்டு எதுவும் இல்லீங்களேன்னாரு. உங்க சாட்சி சொன்னதைத்தான் எழுதறேன்னுட்டு மிஸ்டர் லிம் மீதியையும் எழுதினாரு.

அடுத்து டிரஸ்ஸர். டை கட்டிக்கிட்டு வந்திருந்தாரு, இங்கிலீஷ்லயே சொல்றேன்னுட்டாரு. அப்பாடான்னு நான் உக்காந்தேன். காய்ச்சலைப் பத்தி, மருந்தைப் பத்தி எல்லாம் அழகாச் சொல்லிக்கிட்டு வந்தாரு. கோபாலை நீங்க எப்ப பரிசோதிச்சீங்கன்னு கேட்டதும் மனுசன் நின்னுட்டாரு. வாயைத் திறக்கறாரு, இங்கிலீஷ் வரலை. அப்புறம் தமிழ்ல உடைஞ்சு போயிட்டாரு: “ஐயோ, முந்தின நாளே வந்து பாருங்கன்னு ஆள் விட்டாங்களே. நாளைக்குக் கூட்டிட்டு வான்னு சொல்லிட்டேனே. நான் போயிருந்தா அவன் எதுக்கு மழையில வாரான்? நான்தான் அவனைக் கொன்னுட்டேன்.” நான் மறுபடியும் எழுந்து “அலாஸ்”னு ஆரம்பிச்சேன். மிஸ்டர் லிம் கையைக் காட்டி நிறுத்தச் சொல்லிட்டு, புதுத் தாள் ஒண்ணை எடுத்துக்கிட்டாரு.

அதை எழுதி முடிக்கறதுக்குள்ள பின் பெஞ்சியில இருந்து தண்டல் எழுந்துட்டாரு. அவரு முறை முடிஞ்சு போச்சு, பேசக் கூடாது. முருகேசு “உக்காருய்யா!”ன்னு அதட்டறாரு, அவரு காதுல விழலை. “தொரே, அப்ப நான் மட்டும் தப்பிச்சுக்கவா? லாரி வந்ததும் போலாம்னு மாணிக்கம் சொன்னான். ‘லாரியெல்லாம் வராது, டிராக்டர்லயே ஏத்திக்கிட்டுப் போடா’ன்னு விரட்டினவன் நான். ஐயோ, நான்தான் கொன்னுட்டேன் தொரே!” என்ன சொல்றாருன்னு மிஸ்டர் லிம் கேட்டாரு. சொன்னேன். இன்ஸ்பெக்டர் தன் காகிதத்தையே பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தாரு. மேல கேள்வி எதுவும் இல்லைன்னாரு, அவரு குரலும் கொஞ்சம் இறங்கித்தான் இருந்துச்சு.

மிஸ்டர் லிம் பேனாவை மூடி வச்சாரு. மாணிக்கத்தைப் பார்த்தாரு, அஞ்சலையைப் பார்த்தாரு, கடைசியில என்னைப் பார்த்தாரு.

“மிஸ்டர் இன்டர்பிரட்டர், அந்தத் தோட்டத்துல இந்த மனுசனைக் கொல்லாதவங்க யாராவது இருக்காங்களா?”

பஸ்ஸு போயிரும்

மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் தீர்ப்பு. மழை பெஞ்சிருக்கு, கரை சரிஞ்சிருக்கு, வேகமா ஓட்டினதுக்குச் சாட்சி இல்ல. அந்த அழுகை, சொந்தத்தைப் பறிகொடுத்தவனோட அழுகை, ஒப்புதல் வாக்குமூலம் இல்லைன்னு மிஸ்டர் லிம் சொல்லிட்டாரு. என் சர்வீஸ்லயே நான் ரொம்ப ஆசைப்பட்டுச் சொன்ன மொழிபெயர்ப்பு அதுதான். “மாணிக்கம், உன்னை விட்டுட்டாங்க. வீட்டுக்குப் போலாம்.”

அவன் நகரலை. கூண்டுக் கம்பியைப் பிடிச்சுக்கிட்டுக் குனிஞ்சே நிக்கறான். கோபாலு செத்த அன்னியிலேருந்து அவன் மாமியாரு முகத்தைப் பார்க்கறதே இல்லையாம், வீட்டுக்கு வெளியிலயே தின்னுட்டு வெளியிலயே படுத்துக்கறானாம், தண்டல் சொன்னாரு. அஞ்சலை எழுந்து மெல்ல நடந்து கூண்டுகிட்ட வந்தாங்க. அப்பத்தான் அவன் வாயைத் திறந்தான். “ஐயோ அத்தே, கோர்ட்டு விட்டுருச்சு அத்தே. ஆனா கொன்னது நான்தானே.” பழக்க தோஷம், நான் மிஸ்டர் லிம் பக்கம் திரும்பி வாயைத் திறந்துட்டேன். அவரு தலையை மட்டும் ஆட்டினாரு, வேண்டாம்னு. சொல்லச் சொல்லியிருந்தாலும் எனக்கு வந்திருக்காது.

அஞ்சலை கம்பிக்கு மேல கையை விட்டு அவன் மணிக்கட்டைப் பிடிச்சுக்கிட்டாங்க.

“என்னையவிடவா கொன்னீங்க மாப்ளே? வாங்க, காலையிலேருந்து பசியாறாம நிக்கறீங்க, பஸ்ஸு போயிரும்.”

இத்தனை வருஷம் கோர்ட்டுல நின்னு நான் கண்டுபிடிச்சது இவ்வளவுதாங்க: இங்கிலீஷ்ல ‘அலாஸ்’ சொல்றதுக்கு ஒரு ராஜா போதும், தமிழ்ல ‘ஐயோ’ சொல்றதுக்கு ஒரு தோட்டமே வேணும்.